சென்சார் வீட்டுக்கு வந்த பிறகு: வன்னியில் முதலாம் வகை நீரிழிவோடு வாழ்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா பக்கங்களில் முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களும் அவர்களின் வீட்டாரும் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நானும் பள்ளிக்கூட வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவன்தான். சீனி அளக்கும் சென்சாரை எப்படி ஒட்டுவது என்று காட்ட வீடியோக்கள் ஏராளம். ஒட்டிய பிறகு வீட்டுக்குள்ளும் மனசுக்குள்ளும் என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. இன்சுலின் அளவைக் கூட்டுவது, குறைப்பது பற்றி இங்கே ஒன்றும் இல்லை. அது உங்கள் கிளினிக்கில் கேட்க வேண்டியது.

எந்தக் கருவிகளைப் பற்றிக் கதைக்கிறோம்?

முக்கியமாக இரண்டு. ஒன்று, தோலுக்குக் கீழே மெல்லிய இழை ஒன்றை வைத்து, அங்குள்ள திரவத்தில் குளுக்கோசை இரவு பகலாக அளந்து போனுக்கு அனுப்பும் சென்சார். ஃப்ரீஸ்டைல் லிப்ரே, டெக்ஸ்கொம் என்பவை பலருக்குத் தெரிந்த பெயர்கள். வகையைப் பொறுத்து 10 நாள், 14 நாள் என்று உழைக்கும். மற்றது, ஊசிக்குப் பதிலாக இன்சுலினை உடம்புக்குள் தொடர்ந்து செலுத்தும் இன்சுலின் பம்ப். இரண்டையும் இணைத்து, சென்சார் சொல்வதைக் கேட்டுப் பம்ப் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முறையும் இருக்கிறது. அப்படி ஒன்றுக்கு அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி கிடைத்தது 2016இல். வன்னியில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் சென்சார்தான் என்பதால், இங்கேயும் அதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேச்சு.

நல்ல சாமான் கிடைத்தால் சந்தோஷம்தானே வர வேண்டும்? எனக்கு ஏன் எரிச்சலும் அழுகையும் வருகிறது?

கணக்கைப் பாருங்கள். விரலில் குத்திப் பார்த்த காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு எண்கள்தான். மீதி நேரம் வருத்தத்தை மறந்து இருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கும் சென்சார் ஒரு நாளில் 288 எண்களைத் தருகிறது. பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், படுக்கையில் எங்கே இருந்தாலும் அது உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மறந்திருக்கும் நேரம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. அந்த இழப்புக்கு அழுகை வந்தால் அதில் அதிசயம் என்ன?

இரண்டாவது, சட்டைக் கைக்குக் கீழே அது தெரியும். ஊசியை அறைக்குள் போய்ப் போட்டுவிட்டு வரலாம். சென்சாரை அறைக்குள் விட்டுவிட்டு வர முடியாது. பல வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் சமாளித்தவர்களுக்கு இது வருத்தம் மறுபடியும் புதிதாக வந்ததைப் போல இருக்கும். முதன்முதல் வைத்தியர் சொன்ன நாளில் இருந்த அதே கனம் திரும்ப வந்தது என்று சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன்.

வைத்திய உலகத்துக்கும் இது தெரிந்த விசயம்தான். நீரிழிவோடு வாழ்வதால் வரும் மனச்சுமையை அளக்கவென்றே ஒரு கேள்வித்தாளை வில்லியம் பொலொன்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1995இல் வெளியிட்டார்கள். இந்தச் சுமையும் மனச்சோர்வு நோயும் வேறு வேறு. இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்தும் வரலாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், எங்கள் பக்கத்தில் இந்தச் சுமையின் பெரும் பங்கு எண்ணால் வருவதில்லை. அந்த எண்ணை யார் யார் பார்க்கிறார்கள் என்பதால் வருகிறது. ஆகவே ஒட்டுவதற்கு முதல் தீர்க்க வேண்டிய கேள்வி அதுதான். கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

சென்சார் கனடாவில் இருக்கும் சித்தி அனுப்பியது. அங்கிருந்தே என் எண்களைப் பார்த்துவிட்டு "ஏன் 260?" என்று போன் எடுக்கிறா. நிறுத்தச் சொன்னால் நன்றி கெட்டவள் என்று நினைப்பாவா?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. அரச ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. சென்சாரை அநேகமாகக் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். மாதம் இரண்டு மூன்று என்று போனால் வன்னியில் பல வீடுகளால் தாங்க முடியாது. அதனால் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எங்கேயோ குளிரில் வேலைக்குப் போகும் ஒருவர் வாங்கி அனுப்புகிறார். அனுப்புகிறவருக்கு அது பாசம். தூரத்தில் இருந்துகொண்டு செய்யக்கூடிய ஒரே காரியம் அது என்று அவர் நினைக்கலாம். வாங்குகிறவருக்கோ அது பாசமும் கடனும் சேர்ந்த ஒன்று. கடன்பட்டவர் எப்படி மறுத்துப் பேசுவது?

பேசலாம். எண்களைப் பகிரும் வசதியை முழுவதும் நிறுத்தலாம், அல்லது சீனி மிகவும் இறங்கினால் மட்டும் அவருக்கு அறிவிப்புப் போகும்படி சில செயலிகளில் அமைக்கலாம். இரண்டாவதைத்தான் பலருக்குச் சொல்கிறேன். சித்தியிடம் கேட்கும் விதமும் முக்கியம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சித்தி, நீங்கள் அனுப்பினதால்தான் இரவில் எனக்குப் பயமில்லாமல் நித்திரை வருது. சீனி இறங்கினால் உங்களுக்கும் அடிக்கும். கூடின எண்ணை நானும் டொக்டரும் பார்த்துக்கொள்ளுறம். நீங்கள் போன் எடுக்கேக்க சீனியைக் கேட்காமல் என்னைக் கேளுங்கோ." கோபப்பட்டால் இரண்டு நாள் கோபப்படுவா. சித்திமார் திரும்பப் போன் எடுக்காமல் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அப்புறம், பெட்டி அனுப்புகிறவர்களுக்கு ஒரு சொல். முடிவுத் திகதியைப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். பல சென்சார்களுக்கு மேல் எல்லை 25 அல்லது 30 பாகைதான். அந்த நாட்டுச் சென்சார் இங்கே இருக்கும் போனோடும் செயலியோடும் சேருமா என்று முதலே கேளுங்கள். சேராத பெட்டி வந்து இறங்கினால் இரண்டு பக்கமும் மனம் நோகும்.

மீற்றர் 6.2 என்று காட்டுகிறது. அம்மா பயந்துபோய் அழத் தொடங்கிவிட்டா. என்ன இது?

ஒன்றுமில்லை. கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளில் மில்லிமோல் அளவு. எங்கள் கிளினிக் கொப்பியில் இருப்பது மில்லிகிராம். 18ஆல் பெருக்குங்கள்: 6.2 என்றால் ஏறக்குறைய 112. நல்ல எண். செயலியிலோ கருவியிலோ மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாத கருவி என்றால், 3.9 என்பது 70, 10 என்பது 180 என்று ஒரு துண்டில் எழுதி அம்மாவின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நாளின் 70 சதவீத நேரம் இருந்தால் போதும் என்பதுதான் 2019இல் சர்வதேச நிபுணர்கள் கூடிச் சொன்ன பொது இலக்கு. நூறு வீதம் யாரும் கேட்கவில்லை.

மகனுக்கு ஏழு வயது. இரவு முழுவதும் போனைப் பார்த்தபடி இருக்கிறேன். விரலில் குத்திய காலத்தில்கூட இவ்வளவு முழிக்கவில்லை.

சென்சார் வந்தால் தாய்க்கு நித்திரை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். சிலருக்கு வருகிறது. சிலருக்கு நேர்மாறாக நடக்கிறது. தெரியாமல் இருந்த ஏற்ற இறக்கம் எல்லாம் இப்போது கோடாகத் தெரிகிறது. உங்கள் பிள்ளையின் சீனி திடீரென்று மோசமாகிவிடவில்லை. முன்பும் இரவில் இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கும், பார்க்க வழி இருக்கவில்லை.

இரவுக்கு அலாரத்தை அகலமாக வையுங்கள். பகலில் 180இல் அடிப்பது இரவில் 250இல் அடித்தால் போதுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். இறங்கும் பக்கத்து அலாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: பிள்ளை சென்சார் உள்ள கையை அழுத்திக்கொண்டு படுத்தால், இரத்தத்தில் இறங்காமலே சென்சார் இறக்கம் காட்டும். அலாரம் அடித்ததும் பிள்ளையை மற்றப் பக்கம் திருப்பிவிட்டு, விரலில் ஒரு தடவை பாருங்கள். விரலில் பார்க்க வழியில்லாவிட்டால் இறக்கம் என்றே எடுத்துச் சீனியைக் கொடுங்கள்.

தகப்பனிடமும் ஒரு போன் இருக்கிறதுதானே? நள்ளிரவு வரை ஒருவர், விடியும் வரை மற்றவர் என்று முறை வையுங்கள். எங்கள் ஊர்களில் இந்தக் காவல் முழுவதும் தாயின் தலையில்தான் விழுகிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அலாரம் அடித்தால் அம்மம்மாவுக்கு உடம்பு நடுங்குகிறது. எனக்கு உதவும் கருவி அவவை இப்படி ஆக்குகிறதே என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

வெளிநாட்டுக் கையேடு எதிலும் இதற்குப் பதில் கிடைக்காது. 2008, 2009இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பங்கருக்கும் தறப்பாளுக்கும் நடுவில் இரவுகளைக் கழித்தவர்களுக்கு, இருட்டில் திடீரென்று எழும் சத்தம் வெறும் சத்தம் அல்ல. காது கேட்ட பிறகு மூளை யோசிப்பதில்லை. அதற்கு முன்பே உடம்பு எழும்பிவிடுகிறது. 2009க்குப் பிறகு பிறந்த உங்களுக்கு அது போனில் ஒரு பீப். ஒரே அறையில் படுக்கும் இருவருக்கு ஒரே சத்தம் இரண்டு விதமாகக் கேட்கிறது. இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. சைரன் மாதிரியான சத்தத்தை முதலில் மாற்றுங்கள். பல செயலிகளில் வேறு ஒலியோ அதிர்வோ தெரிவு செய்யலாம். போனை உங்கள் தலையணைக்குக் கீழே வைத்து அதிர விடுங்கள். நீங்கள் எழும்புகிறீர்களா என்று சில இரவு வேறு ஒருவர் பார்க்கட்டும். சில கருவிகளில் சீனி 55க்குக் கீழே போனால் அடிக்கும் அலாரத்தை நிறுத்தவே முடியாது. அதை அம்மம்மாவுக்குப் பகலில், நல்ல வெளிச்சத்தில், கிணற்றடியிலோ முற்றத்திலோ இருந்து அடித்துக் காட்டுங்கள். "இது அடித்தால் எனக்குச் சீனித் தண்ணி தரவேணும், அவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் பயம் கொஞ்சம் இறங்கும். சீனிப் போத்தலை எங்கே வைப்பது என்று அவவே தீர்மானிக்கட்டும்.

எங்கள் உறவில் ஒரு பெரியவருக்கு முதுகில் போரில் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. பிள்ளையின் கையில் "உள்ளே ஒன்று" வைக்கிறார்கள் என்றதும் அவர் கத்தினார். கழற்றிய சென்சாரை அவர் கையில் கொடுத்தேன். ஏற்றும் ஊசி அந்த நேரமே வெளியே வந்துவிடும், உள்ளே இருப்பது ஐந்து மில்லிமீற்றர் அளவான வளையும் இழை, நினைத்த நேரம் இழுத்தால் வந்துவிடும் என்று காட்டினேன். நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பஸ்ஸில், கோயிலில், சோதனைச்சாவடியில் "கையில் என்ன?" என்று கேட்கிறார்களே?

ஒவ்வொருவருக்கும் முழுக் கதை சொல்லக் கடமை இல்லை. ஒரு வரி தயாராக வைத்திருங்கள்: "சீனி அளக்கிற மெஷின்." பெரும்பாலானவர்கள் அடுத்ததாகத் தங்கள் சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். பாகற்காய் வைத்தியமும் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு இறங்குங்கள்.

சீருடைக்காரர் கேட்பது வேறு விதம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு ஏ-9 வீதியில் இறக்கி ஏற்றிச் சோதித்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். உடம்பில் கட்டிய, வயர் தெரியும் ஒன்று அந்த இடத்தில் எவ்வளவு படபடப்பைத் தரும் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிளினிக்கில் ஒரு கடிதம் கேளுங்கள்: நோய், கருவி, ஊசி கொண்டுபோக வேண்டிய தேவை, மூன்றும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அதை அடையாள அட்டையோடு வைத்திருங்கள். பயன்படாமலே போனாலும் பையில் இருக்கிறது என்ற நினைப்பு பயணத்தை இலேசாக்கும்.

கலியாணம் பேசுகிறார்கள். அதுவரை கையில் ஒட்ட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பெண் பிள்ளைகளிடமிருந்து மட்டும் வரும் கேள்வி. ஆண் பிள்ளைகளின் வீட்டில் இதைக் கேட்டதில்லை. சென்சாரை ஒட்டும் இடத்தை நிறுவனத்தின் அறிவுறுத்தல் அனுமதிக்கும் அளவுக்கு மாற்றலாம். சிலவற்றை வயிற்றில் ஒட்ட முடியும். ஆனால் இன்சுலின் போடுவதை மறைத்துக் கட்டும் கலியாணத்தை எந்தச் சட்டைக் கையும் மூடாது. முதலாம் வகை நீரிழிவு உள்ள பெண்கள் சரியான பராமரிப்போடு பிள்ளை பெறலாம். அதற்குக் கர்ப்பம் தரிக்கும் முன்பே சீனி நல்ல அளவில் இருக்க வேண்டும். அதாவது, மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரிந்தே ஆக வேண்டிய விசயம். எப்போது, யார் மூலம் சொல்வது என்பதை மட்டும் நீங்கள் தீர்மானியுங்கள், தரகர் தீர்மானிக்க வேண்டாம்.

புட்டுச் சாப்பிட்டால் கோடு மேலே போகிறது. வீட்டில் எல்லோரும் என் தட்டையும் போனையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். சாப்பாடே வெறுத்துவிட்டது.

சாப்பிட்டால் சீனி ஏறும். நீரிழிவு இல்லாதவருக்கும் ஏறி இறங்கும். அவர்கள் கையில் சென்சார் இல்லாததால் யாரும் பார்ப்பதில்லை. புட்டு, இடியப்பம், சோறு எல்லாம் மாவுச்சத்துத்தான். ஏறுவதைப் பார்க்கத்தானே சென்சார். சாப்பாட்டு நேரம் போனைக் கவிழ்த்து வைப்பது என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். அலாரம் இருக்கிறது, அது வேலையைச் செய்யும்.

இதில் ஆபத்தான ஒன்று இருக்கிறது, அதற்காகவே இந்தப் பதிலை நீட்டுகிறேன். கோடு ஏறுவதைப் பார்த்து ஆத்திரத்தில் இன்னொரு ஊசி, அரை மணித்தியாலத்தில் குறையவில்லை என்று இன்னுமொன்று. இது உலகம் முழுக்கச் சென்சார்காரர்கள் படும் பாடு. ஆனால் எங்களில் பலர் போடுவது ஆஸ்பத்திரியில் தரும் சாதாரண மனித இன்சுலின், அல்லது கலந்து வரும் இன்சுலின். சாதாரண இன்சுலின் வேலை தொடங்கவே அரை மணித்தியாலம் ஆகும், உச்சத்துக்கு வர இரண்டு முதல் நான்கு மணித்தியாலம், ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை உடம்பில் நிற்கும். கலவை இன்னும் நீளும். ஆத்திரத்தில் போட்ட இரண்டும் ஒன்றாக வேலை செய்யும்போது நள்ளிரவாக இருக்கும். வெளிநாட்டு வீடியோவில் ஒருவர் உடனே ஊசி போட்டுக் கோட்டை இறக்கிக் காட்டுகிறார் என்றால், அவர் போட்டது வேறு வகை இன்சுலின். சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டு, போனின் உறைக்குள் எழுதி வையுங்கள். ஆத்திரம் வரும்போது ஞாபகம் வேலை செய்யாது.

விரலில் 94, சென்சாரில் 71. பொய் சொல்கிற மெஷினை எப்படி நம்புவது?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். விரல் இரத்தத்தை அளக்கிறது. சென்சார் தோலுக்குக் கீழே உள்ள திரவத்தை. இரணைமடுக் குளத்தில் கதவைத் திறந்தாலும் வாய்க்கால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வர நேரம் எடுக்கிறதல்லவா, அதைப் போல இரத்தத்தில் நடந்தது சென்சாருக்குத் தெரிய ஐந்து, பத்து, சில வேளை பதினைந்து நிமிடம் பிந்தும். சீனி வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் வித்தியாசம் கூடும்.

இதனால் ஒரு தொல்லை. இறக்கத்துக்கு 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, தண்ணீரில் கலக்கிக் குடித்தாயிற்று. பதினைந்து நிமிடத்தில் விரலில் சரியாகிவிட்டது, சென்சார் இன்னும் சிவப்பில். பதறிப்போய் வாழைப்பழம், பிஸ்கற், பனங்கட்டி என்று அள்ளிப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் 300. இறக்கத்துக்குப் பிறகு விரலை நம்புங்கள். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் பொருந்தாத எந்த நேரத்திலும் விரலை நம்புங்கள். சீனி ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரையில் காட்டும் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பார்க்கச் சென்சார் நல்லது.

மூன்றாம் நாளே வியர்வையில் கழன்று விழுந்துவிட்டது. காசை நினைத்து இரண்டு நாள் சாப்பிட மனமில்லை.

பங்குனி சித்திரை வெயிலில் வயலுக்குப் போய் வந்தால் எந்தப் பசைதான் நிற்கும்? முதலில் தோலைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் இல்லாமல் ஒட்ட வேண்டும். மேலே ஒட்டும் மருத்துவப் பிளாஸ்ரர் பார்மசியில் வாங்கலாம். சென்சாரில் காற்றுத் துளை இருந்தால் அதை மூடாதீர்கள். பசையால் தோல் சிவந்து கொப்பளித்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் காட்டுங்கள். சிலருக்கு அது ஒவ்வாமை. குளிப்பது பிரச்சினை இல்லை. குளத்தில் ஆழத்துக்கு நீந்துவது வேறு. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று அட்டையில் இருக்கும்.

காசு போன துக்கத்துக்கு மருந்து தெரியாது. தானாகக் கழன்றது, கோளாறானது என்றால் மாற்றித் தரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பெட்டியையும் இலக்கத்தையும் எறியாமல் வைத்துக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் கையிலிருந்து விழுந்தது என்றால் தயவுசெய்து விலையைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். அடுத்த தடவை அது ஓடி விளையாடாது.

பம்புக்கு மாறச் சொல்கிறார்கள். பற்றரியை நம்பி உயிரை வைப்பதா என்று அப்பா கேட்கிறார்.

அப்பாவின் கேள்வியைக் கிழவர் பேச்சு என்று தள்ள வேண்டாம். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வன்னிக்குள் வரத் தடை இருந்தது. 2022இல் நாடே இருளில் கிடந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மருந்துத் தட்டுப்பாடும் அதே வருடம். கருவி நல்லதா என்று அவர் கேட்கவில்லை, சாமான் வந்துகொண்டே இருக்குமா என்று கேட்கிறார்.

பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். குழாய் மடிந்தாலோ பம்ப் நின்றாலோ, பின்னால் தாங்க நீண்ட நேர இன்சுலின் உடம்பில் இல்லை. சில மணித்தியாலத்திலேயே கீற்றோன், அதாவது இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் ஆபத்தான அமிலம், ஏறத் தொடங்கும். குழாய்த் தொகுதியை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். ஆகவே பம்ப் இருந்தாலும் ஊசியும், மாற்று இன்சுலினும், எவ்வளவு போடுவது என்ற குறிப்பும் வீட்டில் இருக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகையில். கரண்ட் இல்லாத நாளில் ஈர மணலுக்குள் வைத்த மண்பானை முறையை அப்பாவிடமே கேட்டுப் பழகுங்கள். அவரிடம் இருக்கும் அறிவுக்கு இந்தக் காலத்திலும் வேலை இருக்கிறது.

ஒரு வருடத்துக்கான சாமான் எங்கிருந்து வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், நான் பம்புக்கு அவசரப்படமாட்டேன்.

ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்குப் போன் கொண்டுபோக முடியாது. என்ன செய்வது?

வைத்தியரின் கடிதத்தோடு அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு மாதக்கணக்கில் முன்பே எழுதிக் கேளுங்கள். பரீட்சையன்று காலையில் மண்டப வாசலில் போய் வாதாடுவது பிள்ளையின் நெஞ்சைத்தான் அடிக்க வைக்கும். அனுமதி வராவிட்டாலும் சென்சார் கையிலேயே இருக்கலாமா என்று தெளிவாகக் கேட்டு வையுங்கள். லிப்ரே, லிப்ரே 2 என்பவை தம்முள்ளே எட்டு மணித்தியாலத்துத் தரவை வைத்திருக்கும், வெளியே வந்து பார்த்தால் கோடு நிரம்பிவிடும். உள்ளே போகும் முன் விரலில் ஒரு தடவை. சட்டைப் பையில் குளுக்கோஸ். மேற்பார்வையாளருக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகும்போது, "அம்மாள் பார்த்துக்கொள்ளுவா, அதைக் கழற்றி வை" என்கிறார்கள்.

ஒட்டிக்கொண்டே நடவுங்கள். நெடுந்தூரம் நடந்தால் சீனி இறங்கும், அம்மாளுக்கும் அது தெரியும். கந்தசஷ்டி ஆறு நாள், சிவராத்திரி என்று சாப்பாட்டை விடும் விரதங்களுக்குக் கிளினிக்கில் கேட்காமல் இறங்க வேண்டாம்.

காசு முடிந்துவிட்டது. சென்சார் இல்லாமல் இப்போது கண் தெரியாத மாதிரி இருக்கிறது.

பழகியதை இழப்பது, கிடைக்காமலே இருந்ததைவிடக் கடினம். முதல் சில நாள் பயம் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் படுக்க முன்னும் விரலில் பாருங்கள். இறக்கத்தின் அறிகுறிகளை, நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம், உடம்பில் திரும்பத் தேடுங்கள். முன்பிருந்தே அந்த அறிகுறிகள் உங்களுக்குத் தெரிவதில்லை என்றால் அதை வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். இருக்கும் காசை யோசித்துச் செலவழிக்கலாம்: கிளினிக்குக்கு முதல் இரண்டு வாரம் மட்டும், அல்லது இன்சுலின் மாற்றும் காலத்தில் மட்டும் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுநடுவே ஒட்டினாலும் பயன் உண்டு. சென்சார் இருந்த காலத்தில் கண்டுபிடித்ததை, உதாரணமாக மாலை கரப்பந்து விளையாடினால் இரவில் இறங்குகிறது என்பதை, கொப்பியில் எழுதி வைத்தால் அது சென்சார் போன பிறகும் உதவும்.

எனக்கு இது வேண்டவே வேண்டாம். ஊசியும் விரலும் போதும்.

சரி. அப்படியே இருங்கள். மனசு மாறினால் பார்க்கலாம்.

வெறும் அலுப்பா, அதைவிடப் பெரிதா என்று எப்படித் தெரியும்?

கருவியில் கோபம் வருவது, ஒரு வாரம் அதைக் கழற்றி எறிந்துவிட்டு இருப்பது, எண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் இருப்பது எல்லாம் அலுப்பில் வரும். இன்சுலினையே விடத் தொடங்கினால், வேண்டுமென்று கூடப் போட நினைத்தால், வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், செத்தால் என்ன என்ற எண்ணம் வந்தால், அது வேறு. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. மயக்கம், வாந்தியோடு மூச்சு வேகமாக வாங்குதல் என்றால் காத்திருக்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இன்சுலின் போடுகிறவரின் வீட்டில் மனம் உடைந்த ஒருவர் இருந்தால், ஊசி மருந்தைக் கொஞ்ச நாள் வேறு ஒருவர் எடுத்துக் கொடுப்பது நல்லது.

கிளினிக்கில் கூட்டம். டொக்டருக்கு நேரமில்லை. மனசைப் பற்றி எப்படித் தொடங்குவது?

கோட்டைக் காட்டித் தொடங்காதீர்கள். காட்டினால் இருக்கும் இரண்டு நிமிடமும் கோட்டிலேயே போய்விடும். முதல் வசனமாகவே சொல்லுங்கள்: "டொக்டர், இந்த மெஷின் வந்த பிறகு எனக்கு நித்திரை இல்லை," அல்லது "இதைப் பார்க்கவே பயமாக இருக்கு." கூச்சமென்றால் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, திறந்து மேசையில் வையுங்கள். வைத்தியர் கிடைக்காவிட்டால் நேர்ஸிடம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பச் சொல்லி நீங்களே கேட்கலாம். கூட வந்த தாயோ கணவரோ குறுக்கே விழுந்து பதில் சொல்கிறவர் என்றால், "நீங்கள் மருந்து வரிசையில் போய் நில்லுங்கோ, நான் வாறன்" என்று அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.